எஞ்சின் கொதிக்கிறது, கால் விறைக்கிறது!

பழைய போர்ஷ 911 காரின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இருக்காது. பெட்டி படுக்கை வைக்கிற இடம்தான் இருக்கும். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால், வால் பக்கம் உட்கார்ந்திருக்கும். சரி என்று பின்னால் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒன்றைக் காணோம். ரேடியேட்டர்! தண்ணீரே ஊற்ற வேண்டாத கார் இது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் பிறந்த இந்தக் கார், 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாக நிறுத்தப்பட்டது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் போட்டு மூன்று இலக்கப் பெயர் வைக்கிற உரிமை எங்களுடையது என்று பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனம் சண்டைக்கு வந்தது. பூஜ்யம் ஒன்றாகி 911 ஆனது. எஞ்சினைக் காற்றால் குளிரவைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷ 1930-களில் வடிவமைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் அப்படித்தான். அவருடைய பேரன் வரைந்த 911, 1998 வரைக்கும் காற்றையே நம்பி ஓடியது.

ஏன் காற்று? தண்ணீர் கசியும். குளிர்காலத்தில் உறையும். உறையும்போது தண்ணீர் பருமனில் பெருகுவதால் எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். காற்றுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 911-இன் எஞ்சின் மேல் ஒரு பெரிய ஃபேன் நிற்கும். எஞ்சின் சுற்றும்போது பெல்ட் வழியாக ஃபேனும் சுற்றி, சிலிண்டர்களின் மேலுள்ள மெல்லிய தகடுகள் மீது காற்றை வாரி இறைக்கும். இந்த ஃபேனை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரப்போகிறது.

நம் ஊரில் காரில் ஏறியதும் ஏசியைத்தான் தேடுகிறோம். ஜெர்மனியின் ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைச் சுற்றியே நிற்கும். அங்கே காருக்குள் சூடு வேண்டும். தண்ணீரால் குளிரும் கார்களில் அது சுலபம். எஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் கொஞ்சத்தைக் காருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி, அதன் மேல் காற்றை ஊதினால் போதும். தண்ணீரே இல்லாத 911 என்ன செய்யும்?

எஞ்சினை விட்டு வெளியேறும் புகை பல நூறு டிகிரி சூடாக இருக்கும். அது போகிற குழாய்க்கு மேல் ஒரு தகரச் சட்டை போட்டார்கள். குழாய்க்கும் சட்டைக்கும் நடுவே அந்தப் பெரிய ஃபேனின் காற்றில் ஒரு பங்கைச் செலுத்தினார்கள். புகை உள்ளே, காற்று வெளியே. இரண்டும் கலக்காமல் சூடு மட்டும் கைமாறும். சூடான காற்று கதவுகளுக்குக் கீழே உள்ள குழாய்கள் வழியாக நீண்ட பயணம் செய்து, ஓட்டுநரின் பாதத்துக்கும் முன்கண்ணாடிக்கும் வந்துசேரும்.

அருமையான யோசனைதான். வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குகிறோம், பைசா செலவில்லை. ஆனால் இந்த இலவசச் சூடு தான் நினைத்த நேரத்தில்தான் வரும். மலை ஏறும்போது எஞ்சின் முக்கி முனகுகிறது, புகை கொதிக்கிறது, கார் அடுப்பாகிவிடுகிறது. சிக்னலில் நின்றால் ஃபேன் மெதுவாகிறது, காற்று தளர்கிறது, கால் விறைக்கிறது. பின்னால் வந்த மாடல்களில் உதவிக்குத் தனியாக ஒரு மின் ஊதுவிசிறி வைத்தார்கள். பெட்ரோலைத் தனியே எரித்துச் சூடு தரும் ஹீட்டரும் சில கார்களில் இருந்தது.

இன்னொரு தொல்லை கொஞ்சம் பயங்கரமானது. வருடங்கள் ஓட ஓட அந்தப் புகைக்குழாய் துருப்பிடிக்கும். துருவில் ஓட்டை விழுந்தால் கலக்கக் கூடாத இரண்டும் கலக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு உட்கார இடம் கிடைக்காது. பழைய காரில் இந்தச் சட்டைக்குழாய்களை அடிக்கடி சோதிக்கச் சொல்வது இதனால்தான். ஓட்டத்தின் வேகத்துக்காக அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் பந்தயக் குழாய்களைப் பூட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஹீட்டரே கிடையாது.

ஆக, பழைய 911 வைத்திருப்பவர்களில் சிலருக்கு ஓர் ஆசை வருகிறது. “மின்சார ஹீட்டர் ஒன்றை வைத்துவிட்டால் என்ன?”

முதலில் எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். குட்டிக் கார் அது. உள்ளே 2.5 கனமீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. மொத்தம் 3 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1000 ஜூல் போதும். பூஜ்யத்திலிருந்து 20 டிகிரிக்கு உயர்த்த 3 × 20 × 1000, அதாவது 60,000 ஜூல். வாட் என்பது ஒரு விநாடிக்கு ஒரு ஜூல். ஆகவே 1000 வாட் ஹீட்டர் 60 விநாடியில் வேலையை முடித்துவிடும்!

நம்பிவிட்டீர்களா? நம்பாதீர்கள். கணக்கு சரி, கார் தப்பு. காருக்குள் காற்று மட்டுமா இருக்கிறது? சில்லிட்ட கண்ணாடி, சில்லிட்ட இரும்புத் தகடு, சில்லிட்ட இருக்கை எல்லாம் சூட்டைப் பங்கு கேட்கும். அந்தக் காலத்துக் காரில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் மெத்தைப் பொருள்களும் குறைவு. கதவு ரப்பர் பழசாகி ஒவ்வொரு இடுக்கிலும் காற்று நுழையும். ஒரு தடவை சூடாக்கினால் போதாது, ஓடும் நேரமெல்லாம் சூட்டை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த 1000 வாட்டைக் கொடுப்பது யார்? வீட்டு இஸ்திரிப் பெட்டிகூட 1000 வாட் இழுக்கும். ஆனால் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் நாலேகால் ஆம்பியர்தான். கார் பேட்டரியோ 12 வோல்ட். 1000-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 83 ஆம்பியர்! கூடை சிறியதாக இருந்தால் அதே அளவு நெல்லைக் களத்துக்குக் கொண்டுசேர்க்க ஆட்கள் அதிகம் வேண்டும். குறுகலான வரப்பில் அத்தனை பேரும் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வோல்ட் குறைந்தால் மின்கம்பிக்குள் நடப்பதும் அதுதான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. இருபது மடங்கானால் நானூறு மடங்கு. இஸ்திரிப் பெட்டியின் ஒயரை எடுத்துக் கார் ஹீட்டருக்குப் போட்டால் ஒயர்தான் ஹீட்டராகும், பிறகு தீயாகும். விரல் தடிமனுக்குச் செப்புக் கேபிள் வேண்டும். பேட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். இந்த வேலையை விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

பேட்டரியை மட்டும் நம்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் அது காலி. ஆகவே மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் செய்யும் கருவி அது. 911-இல் அது எங்கே இருக்கிறது தெரியுமா? அதே பெரிய ஃபேனின் நடுவில்! ஃபேனும் ஆல்டர்னேட்டரும் ஒரே அச்சில் சுற்றுகின்றன. அப்படியானால் சிக்னலில் கார் நிற்கும்போது ஃபேனோடு சேர்ந்து மின்சாரமும் தளர்ந்துவிடும். கால் விறைக்கிற அதே நேரத்தில் மின்சார ஹீட்டருக்கும் தீனி குறைகிறது. வேடிக்கைதான்.

1960-களின் 911-இல் இருந்த ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 500 வாட்தான் தரும். முகப்பு விளக்கு, பின்விளக்கு, வைப்பர், எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறி எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும். 1000 வாட் ஹீட்டருக்கு வழியே இல்லை. பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டலாம், மாட்டுகிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. எரிகிற பெட்ரோலின் ஆற்றல் 100 பங்கு என்றால், அதில் சுமார் 25 பங்குதான் எஞ்சினின் சுழற்சியாகிறது. அந்தச் சுழற்சியைப் பழைய ஆல்டர்னேட்டரிடம் கொடுத்தால் பாதியை ஒட்டித்தான் மின்சாரமாகத் திரும்பும். பெட்ரோலைச் சூடாக்கி, சூட்டைச் சுழற்சியாக்கி, சுழற்சியை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சூடாக்குகிறோம். வழியில் தொலைந்ததெல்லாம் என்ன? அதுவும் சூடுதான்! பின்னால் ஃபேன் அதை ஊதி ஊதித் தெருவில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டில் இருக்கும் சாக்கெட்டில் செருகுகிற 150 வாட் குட்டி ஹீட்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. பக்கத்து இருக்கையில் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டால் அந்த ஹீட்டரின் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது, பேச்சுத் துணையும் ஆயிற்று.

கெட்டிக்கார மெக்கானிக்குகள் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்கள். காரை முழுக்கச் சூடாக்க முடியாதா? போகட்டும். எதைச் சூடாக்கினால் போதும்?

முதல் பதில், முன்கண்ணாடி. நாம் விடும் மூச்சில் நீராவி இருக்கிறது. அது சில்லென்ற கண்ணாடியில் பட்டதும் நுண்ணிய துளிகளாகப் படிந்து பாதையையே மறைத்துவிடும். குளிர்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாதை தெரியாமல் ஓட்டக் கூடாது. கண்ணாடி கொஞ்சம் சூடானால் துளிகள் படியாது. 911-இல் முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை உள்ளே ஊதும் ஒரு சிறு விசிறி உண்டு. அந்தக் காற்று போகிற வழியில் 200 அல்லது 300 வாட் ஹீட்டரை வைத்தால், சூடு நீண்ட குழாய்ப் பயணத்தில் தொலையாமல் நேரே கண்ணாடிக்கு வரும்.

இரண்டாவது பதில், முதுகு. இருக்கையின் தோலுக்கு அடியில் மெல்லிய கம்பி வலை வைத்தால் ஓர் இருக்கைக்கு 50, 60 வாட் போதும். காற்றைச் சூடாக்கி, காற்று நம்மைச் சூடாக்கக் காத்திருக்க வேண்டாம். கம்பி தொட்டுக்கொண்டே சூடு தருகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

காற்று வழியில் வைக்கும் ஹீட்டரைப் பற்றி ஒரு சேதி சொல்லாமல் விட மனமில்லை. இஸ்திரிப் பெட்டியிலும் டோஸ்டரிலும் சூடாவது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். காற்று வழியில் அதை வைத்து, ஏதோ காரணத்தால் விசிறி நின்றுவிட்டால், கம்பி சிவக்கச் சிவக்கச் சூடேறிக்கொண்டே போகும். பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக் குழாய்! அதனால் கார்களில் பீங்கான் ஹீட்டர் வைக்கிறார்கள். பேரியம் டைட்டனேட் என்ற பொருளில் சிறிது கலப்புச் சேர்த்துச் செய்த வில்லைகள் அவை. குளிர்ந்திருக்கும்போது வில்லையின் மின்தடை குறைவு. மின்சாரம் தாராளமாகப் பாயும், சூடு ஏறும். நூறு டிகிரியைத் தாண்டி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும். மின்சாரம் தானாகவே சுருங்கும். அதற்கு மேல் சூடேறாது. விசிறி வேகமாக ஊதினால் வில்லை குளிரும், உடனே அதிக மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். விசிறி நின்றால் அடங்கிவிடும். கண்காணிக்க ஆள் இல்லை, மூளை போன்ற சிப் இல்லை. பொருளின் குணமே காவல். எந்த வெப்பநிலையில் அடங்க வேண்டும் என்பதைக் கலப்பை மாற்றித் தீர்மானிக்கலாம். கொஞ்சம் ஈயம் சேர்த்தால் அந்த எல்லை உயரும், ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் இறங்கும்.

நார்வே, சுவீடன், பின்லாந்துக்காரர்கள் கண்ட வழி இன்னும் எளிது. அங்கே பல வாகன நிறுத்துமிடங்களில் காருக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பம் இருக்கும், அதில் சாக்கெட் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் காருக்குள் வைத்த ஹீட்டரை அந்த 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடவிடுவார்கள். ஐந்தாறு ஆம்பியர்தான், சாதாரண ஒயரே போதும். ஆல்டர்னேட்டருக்கு வேலையில்லை. கண்ணாடி தெளிந்து, இருக்கை கதகதப்பான பிறகு ஒயரைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம். கொஞ்ச தூரம் ஓடியதும் புகைக்குழாயின் இலவசச் சூடு வந்துசேரும்.

இப்போது சிலர் பழைய 911-இன் எஞ்சினையே எடுத்துவிட்டு மின்மோட்டாரும் பெரிய பேட்டரியும் வைக்கிறார்கள். மோட்டார் அதிகமாகச் சூடாவதில்லை. இலவசச் சூடு போயே போயிற்று. ஆனால் பேட்டரி 400 வோல்ட் என்றால் 5000 வாட் ஹீட்டரைக்கூட மெல்லிய கேபிளில் ஓட்டலாம். உங்களுக்கு ஒரு கணக்கு: அந்த ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? பேட்டரியில் 50 யூனிட் மின்சாரம் இருக்கிறது, ஹீட்டர் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால், கார் ஓடுவதற்கு மிஞ்சுவது எத்தனை யூனிட்? (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.)