கழுத்தின் வழியே ஏறும் உயிர்

கழுத்து எலும்பில் ஆபரேஷன் முடிந்த முதல் இரவு. அப்பா காலர் கட்டிப் படுத்திருந்தார். மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்தார். "ஐயா, உங்க பேர் என்ன? இப்ப எங்க இருக்கீங்க? என் விரலை இறுக்கிப் பிடிங்க." பிறகு சின்ன டார்ச்சை ஒரு கண்ணில் அடித்துவிட்டு இரண்டு கண்களையும் பார்ப்பார். கத்தி பட்டது கழுத்தில், சோதிப்பது மூளையையா என்று குழம்பினேன். காரணம் விளங்கியபோது கைகூப்பத் தோன்றியது.

கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் ஒரு துளை. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து பிரியும் ஒரு கிளை, ஏழாம் எலும்பின் துளையை விட்டுவிட்டு, பெரும்பாலோருக்கு ஆறாவதில் நுழைந்து, மணியில் நூல் கோத்தாற்போல் முதலாவது வரை ஏறுகிறது. அங்கிருந்து நேரே மண்டைக்குள் போய்விடாமல் பின்புறமாக ஒரு வளைவு வளைகிறது. வீண் சுற்று அல்ல அது. தலையைத் திருப்பும்போது ஏறக்குறைய பாதித் திருப்பம் முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவேதான் நடக்கிறது. குழாய் இழுபடாதிருக்க அந்த இடத்தில் தளர்வு வேண்டும். படைத்தவன் அதையும் விட்டு வைத்திருக்கிறான்!

இடமும் வலமுமாக ஏறிய இரண்டு தமனிகளும் மண்டைக்குள் ஒன்றாகக் கலக்கின்றன. மூச்சை ஆளும் மூளைத்தண்டு, நடையைச் சீராக்கும் சிறுமூளை, கண்டதை அறியும் பெருமூளையின் பின்பகுதி எல்லாம் இந்தப் பாசனத்தில் வாழ்பவை. ஒன்று அடைபட்டால் பலருக்கு மற்றது ஈடுகொடுத்துவிடும். கொடுக்காமல் போனால் தலைசுற்றும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். கழுத்து அறுவையில் இந்தத் தமனி காயப்படுவது அபூர்வம். ஆனாலும் அந்த அபூர்வத்துக்காகவும்தான் சிஸ்டர் விழித்திருக்கிறார்.

அவர் கையிலிருந்த தாளில் நினைவை அளக்கும் கணக்கு 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தது. இன்றைய வடிவில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு நினைவுக்கு 15. டார்ச் வெளிச்சம் தனிச் சோதனை. ஒரு கண்ணில் ஒளி பட்டால் இரண்டு பாவையும் சேர்ந்து சுருங்கும். மூளைத்தண்டின் உச்சியில் இரு கண்ணுக்கும் பொதுவாக அமைந்த ஒரு சந்திப்பு அதைச் செய்கிறது.

காலையில் டாக்டர், "எழுந்து உட்கார்ந்தா தலை வலிக்குதா?" என்று கேட்டார். சுமார் 1400 கிராம் எடையுள்ள மூளை, தன்னைச் சூழ்ந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கிறது. தண்டுவட உறை கிழிந்து அந்த நீர் கசிந்தால் உட்காரும்போது தலை வலிக்கும், படுத்தால் தணியும். அப்பாவுக்கு வலி இல்லை.

குரல் மட்டும் கம்மியிருந்தது. முன்கழுத்து வழியாக அறுவை செய்யும்போது குரல் நரம்பு நெருக்கப்படுவதுண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடுமாம். அந்த நரம்பின் இடப்பக்கக் கிளை மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தொண்டைக்கு ஏறி வருகிறது.

சிஸ்டர் மீண்டும் வந்தார். அப்பா அந்தக் கம்மிய குரலில் தம் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். கேட்காமலே அம்மாவின் பெயரையும் சொன்னார்.