ஒரு மழை... பல மாத மழை!

மழை வந்தால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? வீட்டுக்குள் ஓடுவீர்கள்தானே? நெதர்லாந்து நாட்டில் ஒருவர், மழை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்! அவர்தான் யோரிஸ் ஐவன்ஸ். கேமரா வியாபாரியின் மகன்.

இவர், மன்னுஸ் ஃப்ராங்கன் என்பவருடன் சேர்ந்து எடுத்த குறும்படத்தின் பெயர் 'மழை'. 1929-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். சுமார் 12 நிமிடம் ஓடும். ஹீரோ கிடையாது. ஒரு வார்த்தை வசனமும் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மழை பெய்து ஓய்கிறது. அவ்வளவுதான் கதை!

முதலில் வெயில். பிறகு காற்று வீசுகிறது. கால்வாய்த் தண்ணீரில் முதல் துளிகள் வட்டம் போடுகின்றன. ஜன்னல்களை மூடுகிறார்கள். குடைகள் விரிகின்றன. டிராம் வண்டியின் கண்ணாடியில் நீர் வழிகிறது. கடைசியில் மழை விட்டதும், ஈரத் தெரு கண்ணாடி போல மின்னுகிறது.

பார்ப்பவர்களுக்கு, ஒரே நாளில் பெய்த ஒரே மழை போலத்தான் தெரியும். ஆனால், அது பல மாதங்களில் பெய்த பல மழைகள்!

மழை, டைரக்டர் சொன்னால் வருமா? வராதே! அதனால் போகும் இடமெல்லாம் கேமராவையும் கொண்டு போனார் ஐவன்ஸ். 'உங்கள் பகுதியில் மழை வந்தால் போன் செய்யுங்கள்' என்று நண்பர்களிடமும் சொல்லி வைத்தார். தூங்கும்போதுகூட கேமரா பக்கத்திலேயே இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் துளிகள் ஓடும் காட்சிகளில் சில, காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே எடுத்தவை! ஒருநாள் சதுக்கத்தில், ஒரே மழைக்கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு மூன்று சிறுமிகள் துள்ளி ஓடினார்கள். அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல் பிடித்துவிட்டார்.

எடுத்த துண்டுகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒட்டினார். இதற்குப் பெயர்தான் எடிட்டிங்.

அப்படியானால் இந்தப் படம் பொய்யா? படத்தில் வரும் துளிகளும் குடைகளும் நிஜம். அவை வரும் வரிசையை மட்டும் ஐவன்ஸ் அமைத்தார். எந்தப் படத்தைப் பார்த்தாலும், 'இதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததா?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பல ரகசியங்கள் பிடிபடும்!

இந்தப் படத்துக்காக 1941-ல் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர் ஓர் இசை எழுதினார். அதன் தலைப்பு, 'மழையை வர்ணிக்க 14 வழிகள்'.

அடுத்த மழைக்கு ஜன்னல் ஓரம் உட்காருங்கள். நீங்கள் எத்தனை வழிகளைக் கண்டுபிடிக்கிறீர்கள், பார்க்கலாம்!