வெறுமையாகத் திறக்கும் அஞ்சல்

அனுப்பியவர் பெயர் தெரிகிறது. பொருள் வரி தெரிகிறது. வந்த நேரமும் சரியாக இருக்கிறது. சொடுக்கித் திறந்தால் வெள்ளையாக ஒரு பரப்பு, அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அதே அஞ்சலைக் கைபேசியில் திறந்தால் முழுதாகப் படிக்க முடிகிறது. தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருள்களைக் கணினியில் நிறுவி அஞ்சல் படிக்கிற பலரும் இதைச் சந்தித்திருப்பார்கள். அனுப்பியவர் எழுத மறந்துவிட்டார் என்றோ கணினி கெட்டுவிட்டது என்றோ முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. எழுத்துகள் வந்து சேர்ந்திருக்கின்றன. திரைக்கு வரும் வழியில்தான் எங்கோ நின்றுவிட்டன.

எங்கே நின்றன என்று அறிய, தண்டர்பேர்டில் கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்திப் பாருங்கள். அஞ்சலின் மூல வடிவம் தனிச் சாளரத்தில் திறக்கும். அது வண்ணமும் படமும் இல்லாத, வரிவரியான எழுத்து. அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் இவ்வளவு எளிய வழி இல்லை. அதே கணக்கை உலாவியில் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூலத்தில் சரக்கு இருந்தால் கோளாறு காட்டுவதில் இருக்கிறது. மூலமும் காலி என்றால் கோளாறு சேமிப்பில், அல்லது வந்த வழியில். இந்த ஒரு சோதனையிலேயே சிக்கல் பாதியாகக் குறைந்துவிடும். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

மூலத்தைப் பார்க்கிறவர் உண்மையில் 1982ஆம் ஆண்டைப் பார்க்கிறார். அந்த ஆகஸ்டில் வெளியான இரண்டு ஆவணங்கள்மேல்தான் இன்றைய அஞ்சல் நிற்கிறது. எண் 821, ஜான் போஸ்டல் எழுதியது; ஒரு கணினி இன்னொன்றிடம் அஞ்சலை எப்படிக் கைமாற்ற வேண்டும் என்று சொல்கிறது. எண் 822, டேவிட் க்ராக்கர் எழுதியது. அஞ்சலின் உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த அமைப்பு வியக்க வைக்கும் அளவுக்கு எளிமையானது. அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று தலைப்பகுதியின் வரிகள் முதலில் வரும். அடுத்து ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கடிதம். தலையையும் உடலையும் பிரிப்பது அந்த ஒரு வெற்று வரி மட்டுமே. அனுப்பும் நிரல் அதைத் தவறான இடத்தில் வைத்தால் கடிதம் தலைப்பகுதியோடு கலந்துவிடும், அல்லது தலைப்பகுதியின் பாதி கடிதத்துக்குள் விழும். கைமாற்றும் முறையிலும் இதுபோல ஒன்று உண்டு. ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வந்தால் அஞ்சல் முடிந்தது என்று பொருள். கடிதத்திலேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால், அனுப்பும் கணினி முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்க வேண்டும். பெறும் கணினி அதை எடுத்துவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத நிரலின் கையில், புள்ளி மட்டுமே உள்ள வரி வந்ததும் கடிதம் அங்கேயே நின்றுபோகும்.

அந்த ஆவணங்கள் எழுதப்பட்டபோது அஞ்சல் என்றால் 128 குறிகளுக்குள் அடங்கும் எழுத்து. அதில் தமிழுக்கு இடமில்லை, படத்துக்கும் இல்லை. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய அஞ்சலில், அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. பழைய பாதையில் ஒரு கல்லைக்கூட அவர்கள் பெயர்க்கவில்லை. எழுத்து மட்டுமே போகும் வழியில் படத்தையும் பாட்டையும் எழுத்தாகவே மாற்றி அனுப்பினார்கள்.

அதற்கான முறைகளில் ஒன்று பேஸ்64. மூன்று பைட்டுகளை, அதாவது 24 பிட்டுகளை எடுத்து, ஆறு ஆறாக நான்கு கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் 64 குறிகளில் ஒன்றைத் தரும். யூனிகோடு தமிழைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் சரியாக மூன்று பைட்டு. எனவே ஒரு தமிழ்க் குறியீடு சரியாக நான்கு குறிகளாகிறது. ‘அ’ என்பது 4, கே, 6, எஃப் என்று ஆகும். இடையில் ஒரு பைட்டு மட்டுமே கொண்ட இடைவெளி வந்ததும் இந்தச் சீர் நகர்ந்துவிடும். ஆனாலும் உயிரெழுத்திலோ மெய்யிலோ தொடங்கும் எந்தத் தமிழ்க் கடிதமும் இம்முறையில் 4, கே, 6 என்றேதான் தொடங்கும். நான்காவது குறிதான் மாறும். திரை வெறுமையாக இருக்கிறது, மூலத்தில் வெற்று வரிக்குக் கீழே இந்த மூன்று குறிகளில் தொடங்கும் புரியாத குவியல் கிடக்கிறது என்றால், நம் தமிழ் பத்திரமாக வந்திருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து பி-யில் (P) தொடங்கினால், அநேகமாக அது வலைப்பக்கம் போல வடிவமைத்த கடிதம். எச்டிஎம்எல் நிரல்வரியின் முதல் கோணக்குறி பேஸ்64இல் எப்போதும் பி ஆகிறது. இதை முதன்முதலில் கண்டுகொள்ளும்போது வரும் மகிழ்ச்சி தனி.

கைபேசியில் தெரிவது கணினியில் தெரியாமல் போவதற்கும் மைம்தான் விளக்கம் தருகிறது. இன்றைய அஞ்சல்கள் பல ஒரே செய்தியை இரண்டு தடவை சுமந்து வருகின்றன: வெறும் எழுத்தாக ஒரு பகுதி, எச்டிஎம்எல்லாக இன்னொரு பகுதி. படிக்கும் மென்பொருள் தனக்குப் புரிகிறவற்றில் கடைசியாக உள்ளதைத் தேர்ந்து காட்ட வேண்டும் என்பது விதி. பில்லும் ரசீதும் தானாக அனுப்பும் நிரல்கள் சில, இரண்டில் ஒன்றைக் காலியாக விட்டுவிடுகின்றன. நிரம்பிய பகுதியைத் தேர்ந்த மென்பொருளில் கடிதம் தெரியும், காலியானதைத் தேர்ந்ததில் வெள்ளைத் திரை. பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டுக் குறியில் ஓர் எழுத்து பிசகினாலும் இதே கதிதான். தண்டர்பேர்டின் ‘காண்’ பட்டியலில் அஞ்சலின் உடலை வெறும் எழுத்தாகவோ எச்டிஎம்எல்லாகவோ காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. மாற்றிப் பார்த்தால் ஒளிந்திருந்த பகுதி வந்துவிடும்.

மூலமும் காலியாக இருந்தால்? அப்போது சேமிப்பைப் பார்க்க வேண்டும். வந்த அஞ்சல்களையெல்லாம் தண்டர்பேர்டு வழக்கமாக இன்பாக்ஸ் என்ற ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கிறது. யூனிக்ஸ் காலத்து எம்பாக்ஸ் முறை இது. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு சிறிய கோப்பு ஒன்று இருக்கும். பட்டியலில் நாம் காணும் பெயரும் பொருளும் தேதியும் அந்தச் சிறிய கோப்பிலிருந்தே வருகின்றன. இந்த அஞ்சல் பெரிய கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதும் அதில்தான் இருக்கிறது. பக்கங்கள் மாறிய பின்னும் பழைய பொருளடக்கத்தையே வைத்திருக்கும் புத்தகம் போல, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் தவறான இடத்தைத் திறக்கும். பெயர் தெரிந்தும் கடிதம் தெரியாமல் போவது இதனால்தான். கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, பண்புகளுக்குள் சென்று ‘பழுதுபார்’ என்பதை அழுத்தினால், பெரிய கோப்பை முதலிலிருந்து படித்து அட்டவணையைப் புதிதாக எழுதிக்கொள்ளும். அஞ்சல் சர்வரிலேயே தங்கும் ஐமேப் கணக்கில், சர்வரிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் இறக்கிக்கொள்ளும். அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில் கடிதத்தின் ஒரே பிரதி உங்கள் வட்டில் மட்டும் இருக்கக்கூடும். அதனால் எதையும் தொடுமுன் அந்தக் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது மிக முக்கியம். ‘சுருக்கு’ என்ற கட்டளையை அதுவரை தொட வேண்டாம். அழித்த அஞ்சல்கள் உடனே அழிவதில்லை, அழிக்கப்பட்டவை என்ற குறியோடு பெரிய கோப்பிலேயே கிடக்கின்றன. சுருக்கும்போதுதான் உண்மையில் மறைகின்றன.

கோப்பு சிதைந்தால் விசித்திரமான அஞ்சல்களும் பட்டியலில் முளைப்பதுண்டு. அனுப்புநர் இல்லை, பொருள் இல்லை, தேதி 1970 ஜனவரி 1. ஏதோ ஒரு கடிதத்தின் நடுத்துண்டைப் புதுக் கடிதம் என்று மென்பொருள் எண்ணிவிட்டது. தேதி கிடைக்காததால் கணினிக் காலக்கணக்கின் பூஜ்யத்தைக் காட்டுகிறது. இந்திய நேரத்தில் அந்தப் பூஜ்யம் காலை 5.30 மணி. வைரஸ் தடுப்பு மென்பொருளும் இங்கே சேதம் செய்யும். ஒரு கடிதத்தில் நஞ்சு இருப்பதாகக் கண்டு, எல்லாக் கடிதங்களும் அடங்கிய முழுக் கோப்பையுமே பூட்டிவிடும்.

காட்டுவதில் உள்ள கோளாறுகள் எளியவை. அவுட்லுக்கில் கிராஃபிக்ஸ் முடுக்கத்தை அணைத்ததும் எழுத்து திரும்பிய அனுபவம் பலருக்கு உண்டு. 2021 மே மாதத்தில் அவுட்லுக்கின் ஒரு புதுப்பிப்பே உலகெங்கும் அஞ்சல்களின் உடலைக் காட்டாமல் செய்து, சில மணி நேரத்தில் திருத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் நம் கணினியில் எதை நோண்டினாலும் பயனில்லை.

இன்னொரு வகை, முழுச் செய்தியையும் ஒரே படமாக்கி அனுப்பும் விளம்பர அஞ்சல். வெளியிலிருந்து வரும் படங்களை மென்பொருள் தானாக இறக்காது என்பதால் அது வெறுமையாகத் தெரியும். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் படங்களைக் காட்டச் சொல்லலாம். முன்பின் அறியாதவரிடமிருந்து வந்த வெற்று அஞ்சலில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம். நீளம் ஒரு புள்ளி, அகலம் ஒரு புள்ளி கொண்ட, கண்ணுக்குத் தெரியாத படம் அதில் இருக்கலாம். அது இறங்கிய கணமே, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், இந்த நேரத்தில் திறந்தார் என்ற தகவல் அனுப்பியவரின் சர்வருக்குப் போய்விடும்.