கவுண்ட் குறைவு, ஷட்டர் பழுது: பாவித்த கமரா வாங்குவோர் பார்க்க வேண்டியவை

பாவித்த கமரா ஒன்றுக்கு விலை பேசும்போது முதலில் வரும் கேள்வி, "கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான். ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று காட்டும் அந்த எண் முப்பதாயிரம் என்றால் விற்பவர் விலையில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்றரை இலட்சம் என்றால் வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்பார். ஆனால் இருவரும் நம்பும் அந்த எண், வருகிற முகூர்த்தத்துக்குக் கமரா உழைக்குமா என்பதைச் சொல்லாது. முப்பதாயிரத்துக்குள் நின்றுபோன ஷட்டர்கள் இருக்கின்றன. மூன்று இலட்சத்தைத் தாண்டியும் அடிப்பவை இருக்கின்றன.

மட்டக்களப்பில் இது சின்ன விடயமல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. டொலரில் விலை குறிக்கப்படும் கமராவின் ரூபாய் விலையும் அதோடு ஏறியது. கலியாண வீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் படமெடுத்துப் பிழைக்கும் ஒருவர் தன் கூலியை அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. எனவே கொழும்பிலிருந்து வரும் பாவித்த கமராவும், வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பழைய கமராவும், இணைய விளம்பரத்தில் கண்ட கமராவும்தான் பலருக்குக் கைக்கெட்டுகிறது. அது இடையில் பழுதானால் போவது கமராவின் விலை மட்டுமல்ல. தாலி கட்டும் நேரத்தை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

ஷட்டர் என்பது சென்சருக்கு முன்னால் இருக்கும் இரண்டு மெல்லிய திரைகள். ஒவ்வொன்றும் சில தகடுகளால் ஆனது. முதல் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது, இரண்டாவது வந்து மூடுகிறது. முழுப்பிரேம் கமராவில் திரை கடக்கும் உயரம் 24 மில்லிமீற்றர். அதைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் முந்நூறில் ஒரு பங்கு. 1/8000 வேகத்தில் எடுக்கும்போது முதல் திரை போய் முடிவதற்குள் இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடுக்குத்தான் சென்சரின் மேல் ஓடுகிறது. அந்த அளவில் ஒரு திரை மயிரிழை பிந்தினாலும் படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும். 1/100இல் அதே பிந்துகை கண்ணுக்கே தெரியாது. சாகப்போகும் ஷட்டர் முதலில் வேகமான ஷட்டர் வேகங்களில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கடையின் மின்விளக்கு வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவதும் இதனால்தான்.

கெனன் 6டிக்கு ஒரு இலட்சம், நிக்கோன் டி750க்கும் கெனன் 5டி மார்க் 3க்கும் ஒன்றரை இலட்சம், நிக்கோன் டி850க்கு இரண்டு இலட்சம், நிக்கோன் டி5க்கு நான்கு இலட்சம் என்று நிறுவனங்கள் ஓர் ஆயுள் கணக்குச் சொல்கின்றன. அது தொழிற்சாலைச் சோதனையில் கிடைத்த அளவு. வாங்குபவருக்குத் தரும் உத்தரவாதம் அல்ல. உத்தரவாதம் காலத்தைக் கணக்கிடுகிறது, அடிகளை அல்ல. உத்தரவாதம் முடிந்த மறுமாதம் நாற்பதாயிரத்தில் ஷட்டர் போனால், ஒன்றரை இலட்சம் என்று விளம்பரத்தில் கண்டதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. இதை நான் நியாயமான ஏற்பாடாகக் கருதவில்லை. விற்கும்போது எண்ணைச் சொல்கிறவர்கள், பழுதாகும்போதும் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே பழுதாகும் ஷட்டர்களில் ஒரு பகுதி பிறக்கும்போதே குறையோடு வந்தவை. 2012இல் வெளிவந்த நிக்கோன் டி600 கமராவின் படங்களில் கரும்புள்ளிகள் விழுந்தன. 2013 ஒக்டோபரில் புதிய ஷட்டரோடு டி610 வந்தது. 2014 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், உத்தரவாதம் முடிந்த டி600களுக்கும் இலவசமாக ஷட்டர் மாற்றித் தருவதாக நிக்கோன் அறிவித்தது. டி750இன் கதை இன்னும் நீண்டது. ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதியில் நிழல் விழக்கூடும் என்று 2015 ஜூலையில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. முதலில் 2014 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் செய்தவை மட்டும் என்றார்கள். பின்னர் 2016இலும் 2017இலும் அந்தப் பட்டியல் நீண்டது. சோனி ஏ7 மார்க் 3க்குச் சொன்ன ஆயுள் இரண்டு இலட்சம். அது பத்தாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையிலேயே போய்விடுகிறது என்று குற்றஞ்சாட்டி அமெரிக்காவில் வழக்கே தொடர்ந்தார்கள்.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி750 விவகாரத்தில் குறை எந்தக் கமராவில் என்பதை முடிவு செய்தது தொடரிலக்கம், கவுண்ட் அல்ல. குறைந்த கவுண்ட் உள்ள டி750 ஒன்று, ஷட்டர் மாற்றப்படாமலே அலுமாரியில் கிடந்த கமராவாகவும் இருக்கலாம். எண்பதாயிரம் அடித்த இன்னொன்று, புதிய ஷட்டர் பூட்டி ஒழுங்காக உழைத்ததாக இருக்கலாம். எனக்குக் கேட்டால் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன், திருத்திய பற்றுச்சீட்டு இருந்தால்.

மற்றப் பகுதி, கமரா வாழ்ந்த இடத்தால் வருவது. எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர்கள். 56 கிலோமீற்றர் நீளமான உவர்நீர் வாவி ஒரு பக்கம், வங்காள விரிகுடா மறுபக்கம். காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அது லென்ஸ் கழற்றும் நேரத்தில் உள்ளே போய், ஷட்டரின் நுண்ணிய விற்சுருள்களிலும் மின் இணைப்புகளிலும் படிந்தால் துரு மெல்ல மெல்லப் பிடிக்கும். கச்சான் காலத்தில் புழுதி, வாடைக் காலத்தில் ஈரம். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றியவருக்கு உள்ளே என்ன போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏசி மண்டபத்தில் குளிர்ந்த கமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் உட்புறமும் வியர்க்கும். பையில் மூடி எடுத்துவந்து, சூடு ஏறிய பிறகு திறப்பதே நல்லது.

மிரர்லெஸ் கமராக்களுக்கு வேறொரு ஆபத்து. சுத்தம் செய்கிறேன் என்று அழுத்தக் காற்றுக் குப்பியை உள்ளே அடித்தால் திரைத் தகடு வளைந்துவிடும். விரல் பட்டாலே போதும். மின்னணு முதல் திரை என்ற தெரிவைப் போட்டு வைத்தால் இயந்திரத் திரையின் வேலை குறையும். ஓசையில்லாத முழு மின்னணு ஷட்டரில் திரை அசைவதே இல்லை, ஆனால் பெரும்பாலான கமராக்களில் எல்ஈடி விளக்குள்ள மண்டபத்தில் படத்தில் கோடுகள் விழும். 2021இல் வந்த நிக்கோன் இசட்9 இயந்திர ஷட்டரையே கைவிட்டது. அந்த விலை நம்மில் பலருக்கு இன்னும் தொலைவில்தான்.

வாங்கப் போகும்போது கமராவின் அடியில் உள்ள தொடரிலக்கத்தைப் படம் எடுத்து, நிறுவனத்தின் அறிவித்தல்களோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். விற்பவர் முன்கூட்டி அமுக்கிப் பழக்கிவிடாத கமராவைக் கேளுங்கள். உராய்வு ஏறிய ஷட்டர், இரவு முழுவதும் கிடந்த பிறகு எடுக்கும் முதல் படத்தில்தான் தடுமாறும். நான்கு அடி அடித்ததும் சரியாகிவிடும். பிறகு வெளியே வந்து, மேகமற்ற வானத்தையோ வெயில்படும் வெள்ளைச் சுவரையோ 1/8000, 1/4000, 1/250 என்று அபேச்சரை மாற்றி மாற்றி ஒரே வெளிச்சம் வரும்படி எடுங்கள். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். இதை எல்ஈடி விளக்கின் கீழ் செய்யக்கூடாது. விளக்கின் துடிப்பே படத்தில் பட்டை பட்டையாக விழுந்து, நல்ல ஷட்டரையும் பழுதென்று காட்டும். கடைசியாகத் தொடர்ச்சியாக நூறு படம் அடியுங்கள். கெனனில் எர்ரர் 20, எர்ரர் 30, நிக்கோனில் மினுங்கும் எர்ர் என்ற எழுத்து வந்தால் அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.

கவுண்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிக்கோனில் எடுத்த மூலப் படத்திலேயே அந்த எண் பதிந்திருக்கும். கெனன் டிஎஸ்எல்ஆர் பலவற்றில் கணினியோடு இணைத்துத்தான் பார்க்க முடியும். வீடியோ எடுக்கும்போது திரை திறந்தே நிற்பதால், நூற்றுக்கணக்கான மணிநேரம் வீடியோவுக்கு உழைத்த கமராவும் பன்னிரண்டாயிரம் என்று காட்டக்கூடும்.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டில் கமராவின் தொடரிலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வியாபாரி தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். துண்டுக் காகிதமும் இல்லாமல் தெருவில் கைமாறிய கமராவுக்கு இந்த வழியில் நியாயம் கேட்பது கடினம்.

ஏற்கனவே வாங்கியாகிவிட்டது, வைபவத்தின் நடுவே படத்தில் கரும்பட்டை விழுகிறது என்றால், வேகத்தை 1/250க்குக் கீழே இறக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே அன்றைய நாளைக் காப்பாற்றும். மிரர்லெஸ் என்றால் மின்னணு ஷட்டருக்கு மாறுங்கள். கோடு விழுந்தால் விளக்குத் துடிப்புக்கு ஏற்ற வேகமாக 1/100ஐ வையுங்கள். டிஎஸ்எல்ஆரில் திரை மூடியபடி சிக்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. திறக்க முடிந்தால் வீடியோவுக்கு மாற்றித் தாலி கட்டி முடியும்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள், அதிலிருந்து பிறகு படங்களைப் பிரித்தெடுக்கலாம்.