9:49: ஒரு விமானத்தைத் தவறவிடப் பார்த்த கணக்கு

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை ராத்திரி 9:49. சென்னை விமான நிலையத்தில் ஒரு கவுன்டர் முன்னால் நானும் என் அக்கா மகனும் நிற்கிறோம். முதுகில் ஆளுக்கு ஒரு பை. கவுன்டர் மூடுவது 9:50-க்கு. அவன் கை நடுங்க நடுங்க மொபைலில் ஒரு பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறான். அதுவும் தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்குப் போகிற பஸ்.

அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் திட்டம். பாங்காக் வரை விமானம். அங்கிருந்து ரயிலில் தெற்கே ஹாட்யாய், எல்லையைத் தரைவழியாகத் தாண்டி மலேசியா, கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்ப விமானம். பத்து நாள். 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்துக்கும் டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கும் போகும் இந்தியர்களுக்கு 30 நாள் விசா தேவையில்லை என்று ஆகியிருந்தது. பையனுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதச் சம்பளத்தில் சேர்த்த 45,000 ரூபாய்தான் அவனுடைய மொத்த பட்ஜெட். "என் செலவ நானே பாத்துக்கிறேன் மாமா" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

விமானம் 10:50-க்கு. "ஆறரைக்கே கிளம்பிடலாம் மாமா" என்றான். நான் சிரித்தேன். பொருளாதாரத்தில் 1982-இல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஸ்டிக்லர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: இதுவரை ஒரு விமானத்தைக்கூட நீங்கள் தவறவிடவில்லை என்றால், விமான நிலையங்களில் தேவைக்கு அதிகமாக நேரத்தை வீணடிக்கிறீர்கள். இதை அவனுக்கு விளக்கமாகச் சொல்லி, "ஏழே முக்காலுக்குக் கிளம்பினா போதும்டா மாப்ள" என்று முடித்தேன். வளசரவாக்கத்திலிருந்து 45 நிமிடம். எட்டரைக்குப் போய்விடலாம். கையில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்குமே!

நடந்தது இது. இரண்டு டாக்ஸி கேன்சல் ஆகி மூன்றாவது வந்தபோது 8:05. ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை. அதைத் தாண்டி 100 அடி ரோட்டுக்கு வந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மொத்தச் சென்னையும் தாம்பரம் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பொங்கல் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி சாயங்காலம் ஜிஎஸ்டி ரோடு எப்படி இருக்கும் என்று இருபது வருஷமாகச் சென்னையில் இருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

9 மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் வண்டி சுத்தமாக நின்றுவிட்டது. பையன்தான் சொன்னான், "மாமா, இறங்கி மெட்ரோ பிடிச்சிருவோம்." ஓடினோம். அங்கே ஏறி, ஆலந்தூரில் மாறி, ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது 9:30. பன்னாட்டு முனைய வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டி உள்ளே நுழைந்து கவுன்டரைத் தொட்டபோது 9:40.

மூச்சு வாங்கிக்கொண்டே பெருமையாக ஆன்லைனில் எடுத்த போர்டிங் பாஸை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "சார், தாய்லாந்துல இருந்து வெளிய போற டிக்கெட்?"

"கோலாலம்பூர்ல இருந்து ரிட்டர்ன் இருக்கு மேடம்."

"அது மலேசியால இருந்து. தாய்லாந்த விட்டு எப்படிப் போறீங்க?"

பதில் இல்லை. தரைவழியாகப் போவோம் என்பது திட்டத்தில் இருந்தது, டிக்கெட்டில் இல்லை. அந்த பஸ் டிக்கெட் வந்த கதை இதுதான். 9:49-க்குப் பணம் போனது. சூப்பர்வைசர் வந்து பார்த்துத் தலையாட்டினார். இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து, 10:25-க்கு மூடுகிற கேட்டை 10:22-க்குத் தொட்டோம்.

இருக்கையில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பெருமை. "பாத்தியா, பிடிச்சிட்டோம்ல!" பையன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் எங்கே தப்புச் செய்தேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மூன்று தப்பு.

தப்பு 1: டிக்கெட்டில் இருக்கிற நேரம் நமக்கான நேரம் இல்லை

10:50 என்பது விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்கிற நேரம். நமக்கான கெடு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கவுன்டர் மூடும்போதே வந்துவிடுகிறது. என்னிடம் செக்-இன் செய்ய பெட்டி இல்லை, 7 கிலோ கைப்பை மட்டும்தான். அதனால் கவுன்டர் நேரம் நமக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். வெளிநாட்டுப் பயணத்தில் அது தப்பு. போர்டிங் பாஸ் கையில் இருந்தாலும் ஆவணங்களை விமான நிறுவனம் பார்த்தாக வேண்டும்.

ஏன் அவ்வளவு கறார்? சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை. அதன் 9-வது இணைப்பின்படி, ஒரு நாடு ஒரு பயணியை உள்ளே விட மறுத்தால், அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு கொண்டுவந்த நிறுவனத்துடையது. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குப் போக என்னென்ன தாள் வேண்டும் என்பதை, ஐயாட்டா நடத்தும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் நிறுவனங்கள் சரிபார்க்கின்றன. கவுன்டரில் இருந்த பெண் எங்களைச் சோதிக்கவில்லை. திரையில் இருந்த விதியைப் படித்தார், அவ்வளவுதான்.

கவுன்டர் மூடிய பிறகும் அங்கே சும்மா இருப்பதில்லை. பெட்டிகள் சோதனையாகி ஏற வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு விமானிக்குத் தர வேண்டும். பெட்டியைக் கொடுத்த ஒருவர் ஏறவில்லை என்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்த ஆள் பயணம் செய்யவே இல்லை. பெட்டி மட்டும் போனது.

பட்ஜெட் விமானம் என்றால் கறார் இன்னும் கூடும். அதற்கும் காரணம் உண்டு. 1972-இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பணமுடையில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. ஆனால் அட்டவணையைக் குறைக்கவில்லை. மிச்ச மூன்றை வைத்தே ஓட்ட, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திரும்பக் கிளப்பப் பழகியது. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்பதே மலிவு விலை டிக்கெட்டின் ரகசியம். நமக்கு விலை குறைவதும், நமக்காக அவர்கள் காத்திருக்காததும் ஒரே காரணத்தால்தான்.

தப்பு 2: எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று கூட்டியது

டாக்ஸி வருவது, சாலை, முனைய வாசல், ஆவணச் சோதனை, இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை. மொத்தம் ஆறு படி. ஒவ்வொன்றும் நாம் நினைத்த நேரத்துக்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல வாய்ப்புதான். ஆறும் நினைத்தபடி நடக்க? 0.8-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.26. நாலில் ஒரு தடவைதான்.

ஒரு படியில் மிச்சமாகும் நேரம் இன்னொரு படியில் ஆகும் தாமதத்தைச் சரிக்கட்டாதா? கொஞ்சம்தான். 45 நிமிடப் பயணம் மிஞ்சிப் போனால் 35 நிமிடமாகக் குறையும். ஆனால் நீண்டால் 100 நிமிடமும் ஆகலாம். லாபத்துக்கு எல்லை உண்டு, நஷ்டத்துக்கு இல்லை. மேலும் இந்தத் தாமதங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையும் அல்ல. பண்டிகை என்றால் டாக்ஸியும் கிடைக்காது, ரோடும் நகராது, வாசலிலும் வரிசை நிற்கும்.

இதற்கு டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'திட்டமிடல் மயக்கம்' எனலாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், அந்த வேலையின் படிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம். இதே மாதிரி வேலைகளுக்கு இதுவரை எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

1994-இல் வெளியான ஒரு ஆய்வில், கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே சொதப்பினால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்கள் யோசித்த மிக மோசமான நிலையைவிட உண்மை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது! சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. "ரெண்டு நாள் வேலை சார்" என்று சொல்லி இரண்டு வாரம் எடுத்த அனுபவம் எனக்கே எத்தனையோ உண்டு. ஆபீஸில் எஸ்டிமேட் கேட்டால் இரண்டால் பெருக்கிச் சொல்கிற நான், சொந்தப் பயணத்துக்கு அதைச் செய்யவில்லை.

தப்பு 3: ஸ்டிக்லரின் கணக்கை அடுத்தவன் பையில் போட்டது

இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஸ்டிக்லர் சொன்னதாகச் சொல்லப்படுவதில் தர்க்கப் பிழை இல்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, தவறவிடுவதற்கும் ஒரு விலை உண்டு, இரண்டையும் சீர்தூக்கிப் பார் என்கிறது. ஆனால் அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் தவறவிடும் வாய்ப்பு 15 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைகிறது என்று சும்மா வைத்துக்கொள்வோம். அடிக்கடி பறக்கிற, டிக்கெட்டை மாற்றிக்கொள்ள முடிகிற ஒருவருக்கு நஷ்டம் 3,000 ரூபாய் என்றால், அந்த ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துவது அதில் 13 சதவீதம், அதாவது 390 ரூபாய். அவர் வீட்டிலேயே காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். பையனுடைய டிக்கெட் திரும்பப் பணம் வராத மலிவு டிக்கெட். பொங்கல் வெள்ளியன்று புது டிக்கெட், முன்பதிவு செய்த ரயில், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் 30,000 போயிருக்கும். அதே ஒரு மணி நேரம் அவனுக்கு 3,900 ரூபாய். 45,000-இல் 30,000 போனால் மிஞ்சுவதை வைத்துப் பயணம் கிடையாது, திரும்பி வீட்டுக்குத்தான். எனக்கு அது ஒரு எரிச்சலோடு போயிருக்கும்.

பணம் குறைவாக இருப்பவர்கள் மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் என்று நாம் சிரிப்பது உண்டு. அவர்கள் கணக்கு சரி. அவர்களிடம் நேரம் இருக்கிறது, இரண்டாவது டிக்கெட்டுக்குக் காசு இல்லை. "ஆறரைக்கே கிளம்பலாம்" என்று அவன் சொன்னது பயத்தால் இல்லை. என்னைவிடச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தான். நான் ஒரு நோபல்காரர் பேரைச் சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

பிடித்துவிட்டோம் என்பது நிரூபணம் இல்லை

கானமனும் ட்வெர்ஸ்கியும் 1982-இல் எழுதிய இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் ஒரே காரில் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். இருவருமே அரை மணி நேரம் தாமதம். ஒருவரின் விமானம் நேரத்துக்கே போய்விட்டது. மற்றவரின் விமானம் தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்னால்தான் கிளம்பியது. யாருக்கு வருத்தம் அதிகம்? 96 சதவீதம் பேர் இரண்டாமவருக்கு என்றார்கள். நிலைமை ஒன்றுதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மனசு திரும்பத் திரும்ப மாற்றி எழுதிப் பார்க்கும்.

நூலிழையில் தவறவிட்டவன் அதிகம் வருந்துவது போல, நூலிழையில் பிடித்தவன் அதிகம் பூரிக்கிறான். வருந்துகிறவனாவது அடுத்த முறை சீக்கிரம் கிளம்புவான். பிடித்தவன் தன் திட்டம் சரி என்றே நினைத்துக்கொள்வான். டாக்ஸியிலேயே இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் என் திட்டம் தோற்றிருக்கும். இறங்கலாம் என்று சொன்னது என் திட்டம் இல்லை, பையன்.

இப்போது நான் செய்வது எளிது. டிக்கெட் நேரத்தை மறந்துவிட்டு, கவுன்டர் மூடும் நேரத்தை மட்டும் எழுதுகிறேன். அங்கிருந்து பின்னோக்கி, இதே மாதிரி நாளில், இதே ரோட்டில் இதற்கு முன் ஆன மோசமான நேரத்தைக் கழிக்கிறேன். போகிற நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் உட்பட எல்லாத் தாளையும் முந்தின நாளே எடுத்து வைக்கிறேன். கூட வருபவர்களில் யாருக்கு நஷ்டம் அதிகமோ, கிளம்பும் நேரத்தை அவரையே சொல்லச் சொல்கிறேன்.

திரும்பி வரும் நாள், கோலாலம்பூரில் பையன் கேட்டான்: "மாமா, எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

"நீ சொல்லுடா மாப்ள" என்றேன்.

நான்கு மணி நேரம் முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டான். சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தது அங்கேதான்.