ஆறு நிமிஷ நடை

சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் சிகிச்சை முடித்து நம் தஞ்சைப் பகுதிக்குத் திரும்பும் அங்கத்தினரை, அவர்தம் வீட்டார் இரு விதமாக நடத்துவதை நாம் கண்டு வருகிறோம். சிலர் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. வேறு சிலர், கட்டிதான் போய்விட்டதே, நடவுக்கு வந்தால் என்ன என்கின்றனர். இரண்டும் ஊகமே. தேகம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதை அளந்தறிய வழியுண்டு.

முகமூடி அணிவித்து, சைக்கிள் போன்ற பொறியை மிதிக்கச் செய்து, உடல் உபயோகிக்கும் பிராணவாயுவைக் கணக்கிடுவது நுட்பமான முறை. அதற்குச் செலவு அதிகம். எளிய முறை ஆறு நிமிஷ நடையாகும். நுரையீரல் நோயாளருக்கென வழக்கிலிருந்த பன்னிரண்டு நிமிஷ நடையைச் சுருக்கி, 1982-இல் ஆங்கில வைத்தியர்கள் இதனை வெளியிட்டனர். இன்று புற்றுநோயாளருக்கும் இது பயன்படுகிறது.

மருத்துவமனையில் 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் நோயாளர் ஓடாமல், தம்மால் இயன்ற விரைவில், போவதும் வருவதுமாக நடப்பார். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. முடிவில் நடந்த தூரத்தையும், நாடித் துடிப்பு, இரத்தத்திலுள்ள பிராணவாயு, மூச்சிரைப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்வர். நெஞ்சுவலியோ தள்ளாட்டமோ கண்டால் உடனே நிறுத்துவர். வாய்க்கால் கரையில் தாமே நடந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது.

அந்தத் தூரத்தை அடுத்த வீட்டுக்காரருடையதோடு ஒப்பிடலாகாது. வயதும் உயரமும் வேறுபடும். அவரவர் சிகிச்சைக்கு முன் நடந்த தூரமே உரைகல். தூரம் குறைந்தால், காரணத்தை வைத்தியர் தேடுவார். இரத்தச் சோகையாக இருக்கலாம். சில மருந்துகள் இருதயத்தைத் தளர்த்தியிருக்கலாம். வேறு சில பாதத்தை மரக்கச் செய்திருக்கலாம். வெறுமனே படுத்திருந்ததால் தசை கரைந்திருக்கவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. சோம்பல் என்று வீட்டார் ஏசுவது இவற்றில் ஒன்றாகவே இருக்கலாம்.

குழித்தறி நெய்பவருக்கு நடை மட்டும் போதாது என்பது நம் அபிப்பிராயம். குழியிலிருந்து எழுவதற்குத் தொடை வலிமை வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணும் பரிசோதனையும் உண்டு. நெசவாளர் அதனையும் கேட்டுப் பெறலாம்.

அளந்தபின் அளவாகப் பயிற்சி செய்வதன் பலன் சிறிதன்று. பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியொன்று 2025-இல் வெளியாயிற்று. அவர்களிற் பெரும்பாலோர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள். மூன்றாண்டுகள் முறையான தேகப்பயிற்சி பெற்றவர்களில் ஐந்தாம் ஆண்டில் நோயின்றி வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 80. அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 74. பயிற்சி பெற்றோரின் ஆறு நிமிஷ நடைத் தூரமும் மற்றவரைவிடக் கூடியிருந்தது.

எலும்பில் நோய் பரவியிருப்பவர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். வழக்கமான செருப்பையும், ஊன்றுபவராயின் கைத்தடியையும் கொண்டு செல்லலாம். சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் கடும் உழைப்புக் கூடாது. ஆதலால் காலையில் வயலில் இறங்கிவிட்டு, அப்படியே பஸ் ஏற வேண்டாம்.