பழைய உத்திரம் அடுப்புக்கு அல்ல... ஜன்னலுக்கு!

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை... பழனி மலைக் கிராமங்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டுபவர்கள், உத்திரத்தையும் கைமரத்தையும் விறகுக்குப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஜன்னல் ஓரச் சட்டத்துக்கும், சுவரடி ஸ்கர்ட்டிங் பலகைக்கும் காசு கொடுத்துப் புது மரம் வாங்குகிறார்கள். பல தலைமுறை காய்ந்த மரத்தை எரித்துவிட்டு, சரியாகக் காயாத மரத்தை வாங்குவது இரட்டை நஷ்டம்.

மலையில் நினைத்தவுடன் மரம் வெட்டவும் முடியாது. 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

தேர்வு செய்வது எப்படி?

மரத்தைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே கூடு. உளியால் குத்தினால் எளிதாக இறங்கும் பகுதியை வெட்டிவிடுங்கள். ஓட்டை இருந்தால், மரத்தைச் செய்தித்தாள் மீது ஒரு வாரம் வையுங்கள். புதிதாக மாவு கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

இழைக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவோ, தீயில் வாட்டவோ வேண்டாம். நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

பூச்சி மருந்து

போரிக் ஆசிட் 100 கிராம், போராக்ஸ் 150 கிராம் எடுத்து 5 லிட்டர் வெந்நீரில் கரைத்து, இழைத்த மரத்தில் இரண்டு முறை பூசுங்கள். மழைபட்டால் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் பொருத்தும் மரத்துக்கே இது ஏற்றது. கையுறை அவசியம். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் அடிக்கலாம்.

மலை ஈரம் கவனம்!

சொந்த மரம் போதாதவர்கள் காரைக்குடிக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடுகளில் பிரித்த பர்மா தேக்கு அங்குள்ள பழம்பொருள் கடைகளில் கிடைக்கிறது. ரசீது கேட்டு வாங்குங்கள். ஏற்றி வருவதற்கு அனுமதிச்சீட்டு தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆனால், வெயில் பூமியில் காய்ந்த மரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கு வந்தால் ஈரம் குடித்து உப்பும். நீளம் அதிகம் மாறாது, அகலம்தான் கூடும். அதனால் வந்ததும் அடிக்காமல், வீட்டுக்குள் இடையிடையே குச்சி வைத்து மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். பூச்சு காயாத சுவரில் அடிக்க வேண்டாம். ஸ்கர்ட்டிங்கைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கியே பொருத்தச் சொல்லுங்கள்.

வீட்டைப் பிரிக்கும் நாளில் ஆசாரியையும் கூப்பிட்டுவிடுங்கள். விறகு எது, பலகை எது என்று அவர் பிரித்துக் கொடுப்பார்.